முன்கண்ணாடியும் என் மூச்சும்

நம் குழுவில் போன வாரம் ஒருவர் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். மழைக்காலத்தில் காரின் முன்கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்க வேண்டுமாம். இல்லாவிட்டால் ஷேவிங் க்ரீம் தடவித் துடைக்க வேண்டுமாம். அதற்குக் கீழே பத்துப் பேர் கைதட்டும் படம் போட்டிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. என்ன கோபம் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. அந்த உருளைக்கிழங்கு எனக்கு எட்டு வயதிலேயே பழக்கம், அவ்வளவுதான். சொல்ல ஆரம்பித்தால் குழுவில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள். இல்லாதவர்கள் காணொளியையே இன்னொரு முறை பாருங்கள்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் அடைத்து வைக்கும் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எந்தத் தலைமுறையில் அங்கே வந்தோம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பள்ளிக்கூடத்திலும் மலையாளம்தான். நான் எழுத்துக்கூட்டித் தமிழ் படித்ததே கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான். தொழில், துணி வெளுப்பது. எர்ணாகுளத்தில் இரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் எங்கள் வீட்டுக்கு வந்து, வெளுத்து, தேய்த்து, பொதியாகத் திரும்பிப் போகும். அதற்காக அப்பா ஒரு பழைய காரை வைத்திருந்தார். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, கூரை முட்டப் பொதி அடுக்குவார். முன்னால் அவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் உட்காரலாம். எனக்கு வேண்டியது அந்த ஓர் இடம்தான்.

அந்த வருஷம் இடவப்பாதி மழை, நம் கணக்கில் வைகாசி நடுவில் பிடிக்கும் பருவமழை, தொடங்குவதற்கு முன்பே அம்மாவை எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். எனக்குப் பிறகு ஒரு குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது. இதுவும் அப்படிப் போய்விடக் கூடாது, பிரசவம் ஆகும்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பார்க்கப் போகிறவர்களை மாலையில்தான் விடுவார்கள், அதுவும் ஆறு மணி வரைக்கும். அப்பா லாட்ஜில் பொதியை இறக்கிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவார். வீட்டில் மிச்சம் இருந்தது அத்தை, அப்பாவின் அக்கா. எர்ணாகுளத்துக்குப் போகும் போட் என்றால் அவருக்கு உயிர்ப் பயம், படகுத்துறைப் பக்கமே வரமாட்டார். ஆகவே நான் அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் காரின் முன்சீட்டு ஒன்றே வழி. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு ஓடி ஏறுவேன். ஐந்து மணிக்கு அம்மா முகம் தெரியும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு மழை பிடித்தது.

கார் எங்கள் சந்து முனையைத் தாண்டுவதற்குள் முன்கண்ணாடி உள்பக்கமாக மூடிவிடும். வெளியே வைப்பர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே கஞ்சித் தண்ணீர் ஊற்றிய மாதிரி வெள்ளையாக இருக்கும். இந்தக் காலத்துக் காரில் ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. அன்றைக்கு அதெல்லாம் எங்கே. ஜன்னலை இறக்கினால் தெளியும். ஆனால் இறக்கினால் சாரல் அடித்துப் பொதி நனையும். ஈரத் துணி கொண்டுவந்தான் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் போதும், அப்பாவுக்கு அதைவிட அவமானம் வேறு கிடையாது. அதனால் நான்கு ஜன்னலும் இறுக்க மூடியிருக்கும். தோப்பும்படிப் பாலம், பிறகு தீவு, அடுத்து இன்னொரு பாலம். ஒரு கையால் வண்டியை ஓட்டி, இன்னொரு கையில் ஈரிழைத் தோர்த்தை, அதாவது துண்டை, சுருட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அப்பா அத்தனை தூரமும் போவார். துடைத்த இடம் பத்து எண்ணுவதற்குள் மறுபடி மூடும்.

"இவ்வளவு ஆவி எங்கேர்ந்துதான் வருது" என்று ஒரு நாள் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது இழுப்பு உண்டு, அங்கே அதை வலிவு என்பார்கள். மழை வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அந்த நேரத்திலும் அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு இந்த வலிவு உண்டுல்ல, அதான். வாயத் தொறந்து மூச்சு விடாத பிள்ளே. மூக்கால விடு."

மூக்கால் விட்டேன். கண்ணாடி மூடியது.

"கொஞ்சமா விடு" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டின்போது அதையே அத்தையிடம் சொன்னார். அத்தைக்கு எதையும் இழுத்துப் பேச நேரம் கிடையாது. "அப்பன்னா அவள வீட்டில நிறுத்து. பாலத்து மேல வச்சு என்னமாது ஆச்சுன்னா யாரு வந்து நிப்பா?" என்றார். அப்பா "பாப்பம்" என்றார். உங்களில் பெண் பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு அந்தப் "பாப்பம்" என்னவென்று தெரியும். முதலில் பாப்பம் என்பார்கள், மறுநாள் வேண்டாம் என்பார்கள்.

மறுநாளிலிருந்து நான் அந்தக் கண்ணாடிக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் சோப்பு. எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம். தேய்ந்துபோன பார்சோப்புத் துண்டை உலர்ந்தபடியே கண்ணாடி முழுக்கத் தேய்த்து, துணியால் பளபளவென்று துடைத்தேன். பாலம்வரை தாங்கியது. எதிரே லாரி விளக்கு அடித்ததும் கோடு கோடாகத் தெரிந்து அப்பாவின் கண் கூசிவிட்டது. அடுத்தது உப்பு. கல்லுப்பை ஒரு தலையணை உறையில் கட்டிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றார் அத்தை. இழுத்தது. இழுத்த தண்ணீர் அப்பாவின் வேட்டியில் சொட்டியது. பிறகு நீங்கள் கைதட்டிய உருளைக்கிழங்கு. இரண்டாக வெட்டித் தேய்த்தேன். ஒரு நாள் நன்றாகவே இருந்தது, நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். மறுநாள் கண்ணாடி மாவு பூத்து, ஈ மொய்த்தது. என் சொந்த மூளையில் உதித்த வைத்தியம் ஒன்றும் உண்டு. சட்டைக் காலரை விறைப்பாக்கும் கஞ்சி கண்ணாடியையும் காக்கும் என்று நினைத்து ஒரு கிண்ணம் கஞ்சியைப் பூசி வைத்தேன். அதைக் காலையில் அப்பா தகரத் துண்டால் சுரண்டி எடுத்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை, "உனக்கு எதுக்கு இந்தச் சோலி" என்று மட்டும் சொன்னார். எனக்கு எதற்கு என்பதை நான் எப்படிச் சொல்வது?

கடைசியில் கை கொடுத்தது படகுத்துறைப் பக்கம் டாக்ஸி ஓட்டிய சேட்டன். ஜன்னல் வழியாக என் பாடுகளை நாலைந்து நாள் பார்த்திருப்பார் போல. ஒரு நாள் கூப்பிட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"மோளே, இத வெள்ளத்தில முக்கிக் கண்ணாடியில தேச்சா மதி. துடைக்கண்டா. அப்படியே ஒணங்கட்டே."

தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், துடைக்காமல் அப்படியே காயவிடு என்கிறார். காயவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்தது. ஆவி படிந்தாலும் வெள்ளையாக நிற்காமல் நீராக வழிந்துவிடும், வழி மங்கலாகவாவது தெரியும். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் புகையிலை தேய்ப்பது என் வேலையாயிற்று. சேட்டன் தினமும் ஒரு துண்டு தருவார். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அம்மா என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பாள். படுத்துக்கொண்டே எப்படிப் பார்ப்பாள் என்று கேட்காதீர்கள், பார்ப்பாள். ஒரு நாள் என் கையைப் பிடித்து மோந்தாள்.

"கையில என்னடி புகையில வாசம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவிடம் கார் பேச்சே எடுக்கக் கூடாது, அவள் மனசு பதறினால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்று வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போவார். "டாக்ஸி ஸ்டாண்டில நின்னிருப்பா" என்றார் அப்பா. அம்மா விட்டுவிட்டாள். பிறகு துணியெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, அத்தை எல்லாவற்றையும் சீக்கிரமாகக் கட்டிவிடுகிறார் என்றேன். அத்தை அதைப் பெருமையாகவே சொல்வார்: "உங்கம்மா மாதிரி கட்டில் பூரா பரத்தி வச்சிட்டு உக்காந்திருக்கிற பணியில்ல எங்கிட்ட. தேச்சமா, கையோட கட்டினமான்னு இருக்கணும்." மழையில் துணி வெளியே காயாது. கரியடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, பாதி காய்ந்ததும் எடுத்து, கரிப்பெட்டியால் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்த்ததை அத்தை கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். மொறமொறவென்று சூடாக இருக்கும். அப்படியே அடுக்கி, பெரிய துணியில் இறுக்கி முடிச்சுப் போட்டால் பொதி தயார். முடிச்சின் சூடு ஆறுவதற்குள் அது காருக்குப் போய்விடும். இதையெல்லாம் அன்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆடி பிறந்திருக்கும். ஒரு சாயங்காலம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. புகையிலையும் தாங்கவில்லை. பாலத்தின் பாதியில் அப்பா துடைப்பதற்காகத் தோர்த்தை எடுத்தார், கை தவறிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்தார். துடைத்த இடத்தில் ஒரு சைக்கிளின் பின்சக்கரமும் ஒரு மீன்கூடையும் நிற்கின்றன. அப்பா மிதித்த மிதியில் பின்னாலிருந்த பொதி என் பிடரியில் வந்து விழுந்தது. கார் கூடையைத் தொட்டு நின்றது. மத்தி மீன்கள் பாலமெங்கும் சிதறின. சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுந்து நின்று அப்பாவுக்குக் கண் தெரியவில்லையா என்று மலையாளத்தில் கேட்கக்கூடிய எல்லா விதத்திலும் கேட்டார். அப்பா மழையில் இறங்கி, குனிந்து குனிந்து மீன் பொறுக்கினார். நான் கழுத்தில் அந்தப் பொதியோடு உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் அப்பா, "நாளையிலேர்ந்து நீ வேண்டாம். மழ குறையட்டு" என்றார்.

நான் அழவில்லை. அழுதால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும்.

நாலு நாள். அந்த நாலு நாளும் நான் வாசல் படியில் நின்று காரை அனுப்பினேன். புகையிலை தேய்ப்பதை நிறுத்தவில்லை. உலர்ந்த தோர்த்து ஒன்றை மடித்துக் கண்ணாடிக்குக் கீழே வைப்பேன், என் மூச்சு இல்லாத காரில் அப்பாவுக்கு அது வேண்டியிராது என்று தெரிந்தும். முதல் நாள் கார் திரும்பி வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தோர்த்து பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும்.

உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எட்டு வயதில் எனக்கு விளங்கியது வேறு. என் மூச்சு காருக்குள்ளேயே தங்கிவிட்டது என்று நினைத்தேன். சீட்டின் பஞ்சில், கூரைத் துணியில், எல்லாவற்றிலும் ஊறிப்போயிருக்கிறது, நான் இல்லாவிட்டாலும் அது அப்பாவின் வழியை மறைக்கிறது. ஒரு நாள் அவர் பாலத்திலிருந்து கீழே போய்விடுவார், அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். அம்மாவிடம் யார் போய்ச் சொல்வார்கள்? நாலாம் நாள் காலையில் சாம்பிராணிக் கரண்டியில் கனல் போட்டு, காரின் கதவை மூடிக்கொண்டு உள்ளே புகை போட்டேன். இருமி இருமி வெளியே விழுந்த என்னைப் பார்த்து அத்தை சிரித்துத் தீர்த்துவிட்டார். "கார் பெத்து எழுந்திரிச்சிருக்கா, சாம்பிராணி காட்டறதுக்கு?" அப்பா சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார்.

"என் மூச்சு போறதுக்கு" என்றேன்.

அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார். மறுநாள் மழை சற்றும் குறையவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது காரின் முன்கதவு எனக்காகத் திறந்திருந்தது. "கேறு" என்றார். அவ்வளவுதான். ஏன் வேண்டாம் என்றார், ஏன் இப்போது வேண்டும் என்கிறார், ஒன்றும் கிடையாது. நானும் கேட்கவில்லை, கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்றிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பாலம் ஏறும்போது மூச்சை அடக்குவேன், இறங்கியதும் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை வெளியே விடுவேன். முதல் பாலத்தில் முப்பது வரை எண்ண முடிந்தது. போகப்போக ஐம்பது. கண்ணாடி எப்போதும்போல் மூடியது, அப்பா எப்போதும்போல் துடைத்தார். நான் அடக்கியது போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சிங்கம், அதாவது மலையாளத்து ஆவணி, பிறந்து மூன்றாம் நாள் தம்பி பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். ஒரு வாரம் கழித்து அவனையும் அம்மாவையும் அழைத்துவரப் போனோம். காரில் அன்று பொதி இல்லை, பலகையில் பாய் விரித்திருந்தது. அம்மா குழந்தையோடு முன்சீட்டில், நான் பின்னால் பாயில். நல்ல மழை. பிள்ளைக்குக் குளிர் படக் கூடாதென்று ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பாலம் வந்தது. நான் பாவாடையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "எதுக்குடி மூக்க மூடியிருக்க?"

பாலம் முடியும்வரை நான் பதில் சொல்லவில்லை. பிறகு, "மூச்சு விட்டா கண்ணாடி மூடிரும்மா" என்றேன்.

"யாரு சொன்னா?"

நான் அப்பாவின் முதுகைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். ஓரத்தில் மட்டும் லேசாக மங்கியிருந்தது. நாங்கள் நாலு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம், தீவின் மரங்களும் கிடங்குகளும் துல்லியமாகத் தெரிந்தன.

"இத்தன நாளும் துணி சூடு ஆறினப்புறந்தானே கட்டினீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா கையோட கட்டிருவா."

"மழக்காலத்தில கரிப்பொட்டி வச்சு எடுத்ததும் எல்லாம் காஞ்ச மாதிரித்தான் இருக்கும். ஆறும்போதுதான் உள்ளிருக்கிற ஈரம் வெளிய வரும். அதுக்குத்தானே நான் கட்டில் பூரா விரிச்சுப் போடறது. சூட்டோட கட்டி ஜன்னல் மூடின இந்தக் காருக்குள்ள அடைச்சா, ஆவி வராம என்ன வரும்?"

அப்பா ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். "அவ வராத அன்னிக்குத் தெரிஞ்சுது."

கோபம் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அது முழு உண்மை இல்லை. அப்பா நல்ல மனிதர். என்னை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் ஈரத் துணி கட்டினேன் என்று தன் வாயால் சொல்வதைவிட, பிள்ளையின் மூச்சு என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. பொய் என்று தெரிந்த பிறகும், அதை எடுத்துவிட அவருக்கு நாக்கு எழவில்லை. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றும் என் மகள் கார் ஓட்ட, ஏதாவது பாலம் ஏறினால் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. இறங்கிய பிறகுதான் எனக்கே தெரிகிறது.

அன்று தீவில் ஒரு மழைமரத்தடியில் அப்பா காரை ஓரம் கட்டினார். வண்டியை அணைத்தார். வைப்பர் பாதியில் நின்றது.

"முன்னால வா" என்றார்.

இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து, கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியைக் காட்டினார்.

"ஊது."

நான் ஊதவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள்.

"நல்லா ஊது மோளே. பலமா" என்றார் அப்பா.

நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து ஊதினேன். கண்ணாடியில் என் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, நான் மூன்று எண்ணுவதற்குள் காணாமல் போனது. எதிரே சாலை தெளிவாகத் தெரிந்தது. அப்பா மட்டும், தோர்த்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.